120 வாலிபர் தலைவர்கள், இரண்டு நாள், பதினைந்து வட்டங்கள்

கேள்வி இதுதான்: ஒரு திருமண்டலத்தின் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) 40 சபைகளிலிருந்து வாலிபர் ஐக்கியத் தலைவர்கள் 120 பேர் இரண்டு நாள் மாநாட்டுக்கு வருகிறார்கள். வருடாவருடம் செய்தியாளர்கள் பேசுகிறார்கள், வந்தவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். முதல் நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பாதி நாற்காலி காலி. எல்லாரும் பங்கெடுக்கும்படி இதை எப்படி அமைப்பது?

வருகிறவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்குங்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தங்கள் சபையில் பதினைந்து பேர் முன்னால் நின்று எதையாவது நடத்தவேண்டியவர்கள் இவர்கள். ஆகவே நிகழ்ச்சிநிரலில் உள்ள ஒவ்வொரு அமர்வையும் ஒரே கேள்வியால் அளந்துபாருங்கள்: இதை ஒரு சபைச் செயலாளர், மைக்கும் ப்ரொஜெக்டரும் இல்லாமல், வரும் ஞாயிறு தன் ஊரில் திரும்ப நடத்த முடியுமா? முடியாதென்றால், எவ்வளவு உருக்கமான அமர்வாக இருந்தாலும் அது எழுப்புதல் கூட்டத்துக்கு உரியது, தலைவர் மாநாட்டுக்கு உரியதல்ல. நீச்சலைப் பற்றி இரண்டு நாள் கேட்டவனுக்கு நீச்சல் வராது. கூட்டம் நடத்துவதும் அப்படித்தான்.

இதைக் கமிட்டியில் சொன்னதும் ஒரு பெரியவர் கேட்பார்: "செய்தி இல்லாமல் விளையாட்டா நடத்தப்போகிறீர்கள்?" நியாயமான கேள்வி. லூக்கா 2:46-ஐ எடுத்துக் காட்டுங்கள். பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுகிறதைக் கேட்டுக்கொண்டும் அவர்களை வினாவிக்கொண்டும் இருந்தார். கேட்பதும் வினாவுவதும் ஒரே வசனத்தில் சேர்ந்து வருகின்றன. வசனத்தைக் குறைக்கப்போவதில்லை, அதற்குள் எல்லாரும் இறங்கும்படி செய்யப்போகிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

தேதி விஷயத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. சனி, ஞாயிறு என்று வைத்தால், உங்களுக்கு வேண்டிய ஆட்களே வரமாட்டார்கள். கீபோர்டு வாசிக்கிறவர், ஓய்வுநாள் பள்ளி எடுக்கிற அக்கா, பாடகர் குழுவில் இருக்கிறவர் யாரும் ஞாயிறு காலை தங்கள் சபையை விட்டுவர முடியாது. விடுமுறையோடு சேர்ந்து வரும் வெள்ளி, சனி தேடுங்கள். 2026-இல் அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை. அன்று காலை தொடங்கிச் சனி மாலை நான்கு மணிக்கு முடித்தால், இரவுக்குள் ஊர் போய்ச் சேர்ந்து மறுநாள் காலை ஆராதனையில் நிற்கலாம். நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மேயிலும் கல்லூரி செமஸ்டர் தேர்வுகள் வரும். உள்ளூர்ச் சபைகளின் அசன விழா (பொது விருந்து), அறுப்பின் பண்டிகைத் தேதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சபையிலிருந்து மூன்று பேர் வரவேண்டும் என்று எழுதுங்கள், அதில் ஒருவராவது பெண். தனியாக வந்து போகிறவர் ஊரில் போய் ஒன்றையும் மாற்றமுடியாது, கூடப் பார்த்த சாட்சி வேண்டும். அழைப்புக் கடிதத்தோடு ஒரு சின்னத் தாளையும் ஆயருக்கு அனுப்புங்கள்: "உங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் இந்த வருடம் ஒன்று மாறவேண்டும் என்றால் அது எது?" ஆயர் தன் கையால் எழுதிய அந்தத் தாளோடுதான் மூவரும் பதிவுக்கு வரவேண்டும். மாநாட்டில் போட்ட திட்டங்களில் பல சபைக் கமிட்டியில் விழுந்துபோவது, ஆயருக்கு அது புதுச் செய்தியாக இருப்பதால்தான். அவர் எழுதியதிலிருந்தே தொடங்கிய திட்டம் விழாது.

இடத்துக்கு வருவோம். ஆலயத்துக்குள் வைக்காதீர்கள். அசைக்கமுடியாத பெஞ்சுகள் எல்லாரையும் முன்பக்கமே பார்க்கவைக்கும், முன்னால் இருப்பவர் பேசுவார், பின்னால் இருப்பவர் கேட்பார். பள்ளிக்கூட ஹாலும் பிளாஸ்டிக் நாற்காலியும் போதும். 120 பேரையும் எட்டெட்டுப் பேராகப் பதினைந்து வட்டங்களில் உட்காரவைக்கப்போகிறோம். ஒரு வட்டத்தின் எட்டுப் பேரும் அதன் நடத்துநரும் உட்கார, நடைபாதை சேர்த்து 12 சதுர மீட்டர் வேண்டும். பதினைந்து வட்டத்துக்கு 180 சதுர மீட்டர், அதாவது 12 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். ஆனால் 135 பேர் ஒரே ஹாலில் ஒரே நேரத்தில் பேசினால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் காது அடைத்துப்போகும். எட்டு வட்டங்களை மட்டும் உள்ளே வைத்து, மீதி ஏழு வட்டங்களை வராந்தாவுக்கும் வேப்பமரத்தடிக்கும் அனுப்புங்கள். எல்லாரையும் திரும்ப அழைக்க மைக்கில் "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்று கத்தவேண்டாம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மணியை ஒரு தட்டு, முடிந்ததும் இரண்டு தட்டு. முதல் அமர்விலேயே பழக்கிவிட்டால் இரண்டு நாளும் அது போதும்.

வட்டத்துக்கு ஏன் எட்டு? பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் நான்கு பேர் வாயே திறக்காமல் எழுந்துபோவார்கள். நான்கு பேர் என்றால் ஒருவர் கூச்சப்பட்டாலே பேச்சு நின்றுவிடும். பதிவு மேசையில் 1 முதல் 15 வரை எண்ணிட்ட அட்டைகளை வரிசையாகக் கொடுத்துவந்தால், ஒரே சபையின் மூவரும் தாமாகவே மூன்று வட்டத்துக்குப் பிரிந்துவிடுவார்கள். "நாங்க ஒண்ணா இருக்கோமே" என்று கேட்பார்கள், விடாதீர்கள். சபையாகச் சேர்ந்து உட்காரும் நேரம் கடைசியில் வருகிறது.

மாநாடு நிற்பதும் விழுவதும் வட்ட நடத்துநர்களால்தான். பதினைந்து பேர் வேண்டும், கூடவே மூன்று பேர் மாற்றுக்கு. இவர்கள் 120-இல் சேரமாட்டார்கள். இரண்டு வாரம் முன்பு மூன்று மணி நேரப் பயிற்சி கட்டாயம். அதில் கற்பிக்கவேண்டியது பேசுவதை அல்ல, பேசாமல் இருப்பதை. நல்ல மனதுள்ள நடத்துநர்கூட, யாராவது ஒரு கேள்வி கேட்டதும் உடனே குட்டிப் பிரசங்கம் தொடங்கிவிடுவார். மற்ற எட்டுப் பேரும் கைகட்டிக் கேட்க உட்கார்ந்துவிடுவார்கள், வட்டம் மறுபடியும் ஆலயப் பெஞ்சு ஆகிவிடும். ஆகவே மூன்று விதிகள் போதும்: கேள்வியை அட்டையில் உள்ளபடியே கேள். கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாய்திறக்காதே. உன் கருத்தைக் கடைசியில் சொல், அதுவும் கேட்டால் மட்டும். அந்தப் பத்து எண்ணிக்கை மிகக் கடினம். அந்த மௌனத்தைத் தாங்கிக்கொண்டால்தான், இதுவரை பேசாத ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவார்.

பையன்கள் முந்திக்கொண்டு பேச, பெண்பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொண்டு மட்டும் இருப்பது நம்முடைய கூட்டங்களில் வழக்கம். "சிஸ்டர்ஸும் பேசுங்க" என்று சொன்னால் இன்னும் கூசுவார்கள். முறையால்தான் இதைச் சரிசெய்யமுடியும்: ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் பக்கத்திலிருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசவேண்டும், பிறகு வட்டமாகச் சுற்றி ஆளுக்கு ஒரு நிமிடம், அதன்பின்தான் பொதுப்பேச்சு. ஒருமுறை வாய்திறந்தவர் மறுபடியும் திறப்பார். கல்லூரி போனவர்கள் பாதி ஆங்கிலத்தில் பேசினால் கிராமத்துச் சபைத் தம்பி பின்வாங்கிவிடுவார். வட்டத்தில் தமிழில் பேசவேண்டும் என்பதை முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தொடக்க விழாவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். வரவேற்புரை, பேராயரின் தொடக்கவுரை, ஆறு வாழ்த்துரை, எல்லாருக்கும் பொன்னாடை என்று போனால் முதல் ஒன்றரை மணி நேரம் போய்விடும். நேரம் போவதைவிடப் பெரிய நஷ்டம், "இங்கே நம் வேலை உட்கார்ந்திருப்பது" என்று வந்தவர்கள் கற்றுக்கொள்வது. 25 நிமிடத்துக்குள் முடியுங்கள்: ஜெபம், ஒரு வரவேற்பு, பேராயரின் பத்து நிமிடச் செய்தி. மரியாதை செய்யவேண்டியவர்களை மத்தியானப் பந்தியில் எல்லார் முன்பாகவும் மரியாதை செய்யலாம். வந்திருக்கும் ஆயர்களை மேடையில் உட்காரவைக்காமல் வட்டத்துக்கு ஒருவராக உட்காரக் கேளுங்கள். பிள்ளைகள் ஆயர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பழகுவது தனி ஆசீர்வாதம்.

முதல் நாள் முற்பகலின் முக்கிய அமர்வாக அப்போஸ்தலர் 6:1-7-ஐ வைக்கலாம். தலைவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி அரிது, ஏனென்றால் அது ஒரு புகாரைப் பற்றியது: அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உணவு பகிர்ந்து கவனிப்பதில், தங்கள் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று ஆதிச்சபையின் கிரேக்கர் எபிரெயருக்கு விரோதமாக முறுமுறுத்தார்கள். 75 நிமிடம் இப்படிப் போகும். ஒருவர் சத்தமாக வாசிக்கவேண்டும், வேறொருவர் வேறு மொழிபெயர்ப்பில் இன்னொருமுறை. மூன்று நிமிடம் மௌனம். பிறகு முதல் அட்டை: "யார் முறுமுறுத்தார்கள்? எதற்காக?" எல்லாராலும் பதில் சொல்லமுடிகிற கேள்வி, வாய்திறக்கவைப்பதற்காகவே வைத்தது. இரண்டாம் அட்டை: "பன்னிரு அப்போஸ்தலர்கள் என்ன செய்யவில்லை?" இங்கேதான் பேச்சு சூடுபிடிக்கும். முறுமுறுத்தவர்களை அவர்கள் கண்டிக்கவில்லை, "ஜெபம் பண்ணுங்கள், சரியாகிவிடும்" என்று அனுப்பிவிடவில்லை, தாங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுத்துவிடவும் இல்லை. சீஷர் கூட்டத்தைக் கூப்பிட்டு, ஆட்களை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். மூன்றாம் அட்டை: "ஐந்தாம் வசனத்தின் ஏழு பெயர்களையும் வாசியுங்கள். அவை எந்த மொழிப் பெயர்கள்?" ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். பந்தியில் விடுபட்டவர்கள் பக்கத்திலிருந்தே பந்தி விசாரிக்க ஆட்கள் வந்தார்கள் என்று எண்ண இடமிருக்கிறது. இதை நடத்துநர் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் ஒன்றுமில்லை. வட்டத்தில் ஒருவர் தானே கண்டுபிடிக்கும்போது வரும் வியப்பு வேறு.

நான்காம் அட்டைக்கு 25 நிமிடம் ஒதுக்குங்கள்: "நம் வாலிபர் ஐக்கியத்தில் அன்றாட விசாரணையில் விடுபடுகிறவர்கள் யார்?" பட்டியல் வரும். திருப்பூரிலும் சென்னையிலும் வேலைக்குப் போய் மாதம் ஒருமுறை ஊருக்கு வருகிறவர்கள், ஞாயிறும் கடையில் நிற்கிறவர்கள், படிப்பை நிறுத்தியவர்கள், கல்யாணமாகி வந்த இளம்பெண்கள், ஊருக்கு வெளியே இருக்கும் தெருவிலிருந்து வருகிறவர்கள். கடைசியில் சொன்னதைப் பேசத் தயங்குவார்கள். ஆனால் சாதியைப் பற்றி வாய்திறக்காத தலைவர் மாநாடு, கிரேக்கரின் முறுமுறுப்பைக் கேளாமல் விட்ட சபையாகத்தான் இருக்கும். ஆளையோ சபையையோ பெயர் சொல்லாமல் பேசவேண்டும் என்ற விதியை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்க இளைஞர் இயக்கங்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த நடை புதிதல்ல. பெல்ஜியத்தில் இளம் தொழிலாளர்களை ஒன்றுசேர்த்த குருவானவர் ஜோசப் கார்டைன் வழங்கிய "பார், சீர்தூக்கு, செயல்படு" என்ற முறைதான் இதன் உறவுக்காரன். நிலைமையைப் பார்க்கவும், வசனத்தின் வெளிச்சத்தில் சீர்தூக்கவும் மாநாட்டில் இடமிருக்கிறது. செயல்படுவதற்கு இடம் விடாமல் மாநாட்டை முடித்துவிடுவதுதான் நாம் செய்யும் தவறு.

மத்தியானம் பிரியாணி போடாதீர்கள். இரவுக்குப் போடுங்கள், மத்தியானம் சாம்பார், ரசம், தயிர் போதும். இரண்டு மணி அமர்வு நின்றும் நடந்தும் செய்கிறதாக இருக்கவேண்டும். காலையில் எழுதிய பட்டியல்களைச் சுவரில் ஒட்டி, வட்டம் வட்டமாக நடந்துபோய்ப் படித்து, "எங்கள் சபையிலும் இப்படித்தான்" என்று தோன்றும் வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நாற்பது நிமிடத்தில் எந்தப் பிரச்சினை எத்தனை பேருக்கு என்று சுவரே காட்டிவிடும். சார்ட் 40, தடித்த முனை மார்க்கர் 30, மாஸ்கிங் டேப் ஆறு சுருள் வாங்கிவையுங்கள். பால்பாயிண்ட் பேனாவில் எழுதியதை இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் படிக்கமுடியாது. செல்லோ டேப் ஒட்டினால் பள்ளிச் சுவரின் பெயிண்ட் உரிந்து, அடுத்த வருடம் ஹால் கிடைக்காது. தேநீரை இரண்டு இடத்தில் கொடுங்கள். ஒரே இடத்தில் 135 பேர் வரிசையில் நின்றால் பதினைந்து நிமிட இடைவேளை அரை மணி ஆகிவிடும். ஆளுக்கு 100 மில்லி என்றால் பதினான்கு லிட்டர். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், சமையல்காரர்கள் சேர்த்து 150 பேருக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் கேன் இருபத்துமூன்று.

மூன்று மணிக்கு வட்டங்கள் மறுபடியும் கூடும், இந்தமுறை ஒருவருடைய பிரச்சினைக்காக. ஒரு தலைவர் நான்கு நிமிடம் தன் சபையில் சிக்கி நிற்கும் ஒன்றைச் சொல்வார்: "பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு அறுபது பேர் வருகிறார்கள், வேதபாடத்துக்கு ஆறு பேர்." மற்றவர்கள் ஐந்து நிமிடம் விவரம் மட்டும் கேட்கலாம், யோசனை சொல்லக்கூடாது. பிறகு அவர் நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டி உட்காரவேண்டும். அவர் அங்கே இல்லாததுபோல மற்றவர்கள் பன்னிரண்டு நிமிடம் அதைப் பேசுவார்கள். கடைசியில் திரும்பி, கேட்டதில் எதை எடுத்துக்கொள்கிறேன் என்று மூன்று நிமிடம் சொல்வார். முதுகைத் திருப்புவதற்குக் காரணம் உண்டு. முகத்தைப் பார்த்தால், ஒவ்வொரு யோசனைக்கும் "அது எங்க ஊர்ல நடக்காது அண்ணா" என்று பதில் சொல்லத் தொடங்குவார். முகம் மறைந்திருந்தால் கேட்பார்.

பொதுச் செய்தி இரண்டு நாளைக்கும் சேர்த்து ஒன்று போதும், முதல் நாள் மாலை 25 நிமிடம். செய்தியாளருக்கு எழுதும் கடிதத்திலேயே நிமிடத்தைக் குறித்து, "ஜெபத்தோடு அல்ல, ஒரு கேள்வியோடு முடித்துத் தாருங்கள், அதை வட்டங்கள் பேசும்" என்று எழுதுங்கள். முன்வரிசையில் ஒருவர் ஐந்து, ஒன்று என்று அட்டை காட்டட்டும். காட்டப்போவதை முன்பே அவரிடம் சொல்லிவிடுவதே மரியாதை.

பதிவு மேசையில் ஒரு மூடிய பெட்டியும் வெள்ளைச் சீட்டுகளும் வைத்திருங்கள். வாய்விட்டுக் கேட்கமுடியாதவை அதில் வரும்: ஆபாசப் படப் பழக்கம், குடி, வேறு சாதியில் காதல், சாகத் தோன்றுகிறது என்பது. வெள்ளி இரவே மூன்று பேர் உட்கார்ந்து அவற்றைப் பிரிக்கவேண்டும். பொதுவில் பதில் சொல்லக்கூடியவற்றைச் சனி காலைக்கு எடுங்கள். ஆபத்தாகத் தெரியும் சீட்டை எழுதியவர் யார் என்று தேடாதீர்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் எந்த அறையில், எந்த நேரத்தில் இருப்பார் என்று எல்லாருக்கும் சொல்லுங்கள், மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-ஐ எல்லார் அட்டையின் பின்புறத்திலும் அச்சிடுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் வந்தால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். "சபைக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இதை நடத்துநர் பயிற்சியிலேயே சொல்லிவிடவேண்டும்.

சனி காலை, மாநாட்டின் நெஞ்சு: நடத்திப் பார்ப்பது. வெள்ளி மதியமே ஆளுக்கு ஒரு வேதப்பகுதி அட்டை கொடுங்கள், ஐந்து முதல் எட்டு வசனம். அதற்கு மூன்று கேள்வி எழுதிவரவேண்டும். சனி காலை வட்டம் நான்கு நான்காகப் பிரியும். ஒவ்வொருவரும் மற்ற மூவருக்குப் பத்து நிமிடம் நடத்துவார், ஐந்து நிமிடம் மற்றவர்கள் சொல்வார்கள். "நல்லா நடத்துனீங்க" என்பது கூடாது. "எந்தக் கேள்விக்கு எல்லாரும் பேசினோம், எந்தக் கேள்விக்கு எல்லாரும் தரையைப் பார்த்தோம்" என்று மட்டும் சொல்லவேண்டும். பெரும்பாலும் தரையைப் பார்க்கவைத்த கேள்வி, "இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்?" என்பதாக இருக்கும். அதற்கு "விசுவாசம்", "கீழ்ப்படிதல்" என்று ஒற்றைச் சொல் பதில்தான் வரும். அதே ஆள் "இந்த இடத்தில் பேதுருவின் அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டால் மூவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். இந்த வித்தியாசத்தைத் தன் கையால் ஒருமுறை உணர்ந்தவர் ஊருக்குப் போய் மறக்கமாட்டார். ஒரு மணி நேரத்தில் 120 பேரும் ஒருமுறை நடத்தியாகிவிடும்.

மத்தியானத்துக்கு மேல்தான் சபை சபையாக உட்காருவது. ஆயர் எழுதிய தாளை இப்போது பிரிக்கவேண்டும். ஒரே ஒரு பக்கம், நான்கு வரி: என்ன செய்யப்போகிறோம், யார், எந்த ஞாயிறு, எவ்வளவு செலவு. பத்துத் திட்டம் எழுதுகிறவர்களைத் தடுத்து ஒன்றாக்குங்கள். "ஜெப வாழ்க்கையை வளர்ப்போம்" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். "அக்டோபர் 18, மாலை ஆறு மணி, கடையில் வேலைசெய்யும் நான்கு பேரின் வீட்டுக்குப் போவோம்" என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். நகல் எடுத்து, ஒன்றை ஆயருக்கும் ஒன்றைப் பக்கத்துச் சபையின் மூவருக்கும் கொடுங்கள். ஆறு வாரம் அந்தச் சபைதான் இவர்களை விசாரிக்கும்.

பின்னூட்டத் தாளில் "மாநாடு எப்படி இருந்தது?" என்று கேட்கவேண்டாம். எல்லாரும் "ஆசீர்வாதமாக இருந்தது" என்றே எழுதுவார்கள். ஆறாவது வாரம், 40 சபைகளுக்கும் போன் செய்யுங்கள். மூன்றே கேள்வி: குறித்த ஞாயிறு அது நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள், எந்த இடத்தில் தடைபட்டது. அடுத்த வருட நிகழ்ச்சிநிரலை எழுத, அந்த மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்களை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.